தினமும் ஒரு வசனம் படிச்சாச்சு... அடுத்து என்ன? 20 வருஷம் படுக்கையில் இருந்த ஏமி கார்மைக்கேலின் பதில்

புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் விடிந்ததுமே அன்றைய வசனம் வந்துவிடும். சூரியன் உதிக்கும் படம், அதன் மேல் இரண்டு வரி வேத வசனம். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒரு கைகூப்பும் எமோஜி போடுவார்கள். அப்புறம் ஆபீஸ் மெயில், டிராஃபிக், மீட்டிங் என்று நாள் ஓடிவிடும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையும் பர்ஸுக்குள் எங்கோ இருக்கும்.

வசனம் தினமும் வருகிறது. ஆனால் அதைப் படித்ததால் அன்றைக்கு என்ன மாறியது என்று யாராவது கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் திருநெல்வேலி மாவட்டத்தில் 50 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தார். கடைசி 20 வருஷத்தில் பெரும்பகுதி படுக்கையில். அங்கிருந்தபடியே, கூட இருந்தவர்களுக்காகத் தினசரி வாசிப்புக் குறிப்புகள் எழுதினார். அவை இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். டோனாவூரில் அவர் எல்லோருக்கும் 'அம்மா'.

யார் இந்த ஏமி?

1867 டிசம்பர் 16 அன்று, அயர்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள மில்லைல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு மில் இருந்தது. பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டில் தினமும் வேதம் வாசிப்பது, ஜெபிப்பது எல்லாம் சாப்பாடு மாதிரி வழக்கமான விஷயம்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் ஒரு கதையோடுதான் தொடங்குவார்கள். சின்ன வயசில் அவருக்குத் தன் பழுப்பு நிறக் கண்கள் பிடிக்காது. அம்மாவுக்கு இருப்பது போல நீலக் கண்கள் வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்பது அன்றைக்கு அவர் கற்ற பாடம். பின்னாளில் சேலை கட்டி, தமிழ் பேசி, தென் தமிழ்நாட்டு ஊர்களில் நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் அவரை அந்நியமாகக் காட்டாமல் காப்பாற்றின என்று சொல்வார்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்கலாம். படித்ததை அவர் அப்படியே நடக்கும் என்று நம்பினார். நடக்காதபோது தூக்கிப் போடவில்லை. நடக்காததற்குள்ளும் தனக்கு என்ன இருக்கிறது என்று தேடினார். இந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

பெல்ஃபாஸ்ட் தெருவில் ஒரு ஞாயிறு

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1885-ல் அப்பா இறந்துவிட்டார். அந்தக் காலகட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஏமியும் தம்பிகளும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு ஏழை மூதாட்டி பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தள்ளாடி வந்தார். பிள்ளைகள் மூட்டையை வாங்கிக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் எதிரில் வந்தவர்கள் எல்லாம் நன்றாக உடுத்திய சபைக்காரர்கள். அவர்கள் பார்க்கிறார்களே என்று ஏமிக்கு முகம் சிவந்துபோனது. வெட்கம். செய்வது சரி என்று தெரியும், ஆனாலும் தலை நிமிரவில்லை.

தெருவோரத்தில் இருந்த நீரூற்றைக் கடக்கும்போது, முன்பு படித்த ஒரு பகுதி திடீரென நினைவுக்கு வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். ஒருவர் கட்டுவது பொன்னா வெள்ளியா, இல்லை வைக்கோலா என்பது கடைசியில் நெருப்பில் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். யாரோ பின்னால் நின்று சொன்னது போல இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அன்று மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். யார் என்ன நினைப்பார்கள் என்பதற்காக வாழ்ந்தால் அது வைக்கோல்தான், நெருப்பில் நிற்காது என்று முடிவுக்கு வந்தார். பாடம் அங்கேயே நின்றிருந்தால் அது டைரி வரியோடு முடிந்திருக்கும். அவர் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களிடம் போனார். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு வரும் அந்தப் பெண்களை மரியாதையான சபைக்காரர்கள் ஒதுக்கினார்கள். ஏமி அவர்களுக்காகக் கூட்டம் தொடங்கினார். கூட்டம் பெருகியது. 1889-ல் அவர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு பெரிய மண்டபமே எழும்பியது.

வெட்கப்பட்ட பெண், அதே வகை ஆட்களோடு தினமும் நின்றார். அவர் வசனம் படித்த முறை இதுதான். எந்த இடத்தில் குத்தியதோ, அந்த இடத்தில்தான் வேலை.

ஜப்பான் வழியாகத் தமிழ்நாடு

1892 ஜனவரியில், வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்ற அழைப்பு தனக்கு வந்ததாக உறுதியாக நம்பினார். போவது அவ்வளவு சுலபமாக இல்லை. சீனாவுக்குப் போகத் தயாரானார், உடல்நிலை காரணமாக மருத்துவர் அனுமதி மறுத்தார். 1893-ல் ஜப்பான் போனார். சுமார் ஒரு வருஷம்தான், கடுமையான தலைவலியும் நரம்பு வலியும் படுத்திவிட்டன. அங்கிருந்து இலங்கை, பிறகு மறுபடி இங்கிலாந்து. கடைசியில் 1895 நவம்பரில் பெங்களூரு வந்து இறங்கினார்.

இப்போது ஒருவரின் லிங்க்டுஇன் பக்கத்தில் இப்படி இருந்தால், எங்கேயும் நிலைக்காத ஆள் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஜப்பானில் கற்ற ஒரு பாடம் தமிழ்நாட்டில் உதவியது. அங்கே ஒரு நோயாளி மூதாட்டியைப் பார்க்கப் போனபோது, அந்த அம்மா ஏமி சொன்னதைக் கவனிக்காமல் அவர் போட்டிருந்த கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு வெளிநாட்டு உடையை ஒதுக்கிவிட்டு ஜப்பானிய உடைக்கு மாறினார். தமிழ்நாட்டில் சேலை கட்டியதும் அதன் தொடர்ச்சிதான்.

பெங்களூருவில் இருந்து திருநெல்வேலி. அங்கே தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி, தமிழில் நல்ல புலமை உள்ளவர், அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தார். பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஒரு குழுவாக மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இருந்தார். பின்னாளில் ஏமியின் வலது கையாக இருந்தவர் அவர்தான். அவரைப் பற்றி ஏமி ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

1901 மார்ச்: கதவுக்கு வந்த ஒரு சிறுமி

1901 மார்ச் மாதம், ஏழு வயசுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளையில் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்தவள், அங்கிருந்து தப்பி வந்திருந்தாள். அவள் சொன்ன விவரங்கள் ஏமியை உலுக்கிவிட்டன. இப்படி எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். அதே வருஷம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூருக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மன் பிரபு டோனா கொடுத்த பணத்தில் 1820-களில் சபை எழும்பிய ஊர் அது. பெயரும் அவரால் வந்தது.

குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்தார்கள். அப்போதுதான் பெரிய சிக்கல்.

ஏமி ஊர் ஊராகப் போய்ப் பேச வந்தவர். அதற்காகத்தான் மொழி கற்றார். கைக்குழந்தைகளைக் கவனிக்க உட்கார்ந்துவிட்டால் கால் கட்டப்பட்ட மாதிரி. பால் காய்ச்சுவது, துணி துவைப்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது என்று ஆயா வேலை. படித்த பெண்கள் அந்த வேலைக்கு வரத் தயங்கினார்கள். அதெல்லாம் வேறு யாரோ செய்யும் வேலை என்று அன்றைய சமூகம் நினைத்தது. ஏமிக்குள்ளேயும் அந்தக் கேள்வி இருந்தது. பெரிய வேலையை விட்டுவிட்டு இதைச் செய்வது சரிதானா?

அவருக்குப் பதில் கிடைத்தது யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவும் காட்சி. குரு செய்யும் வேலையா அது என்று யாரும் கேட்கலாம். ஆனாலும் அவர் செய்தார். இதைப் படித்த பிறகு எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்ற கணக்கை ஏமி விட்டுவிட்டார். பொன்னம்மாள் முன்னால் நின்று குழந்தைகள் வேலையைச் செய்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

கொஞ்சம் யோசித்தால் இது சாதாரண முடிவு இல்லை. தன் கேரியர் என்று நினைத்ததையே மாற்றிக்கொண்டார். 1913 வாக்கில் டோனாவூரில் 130 குழந்தைகள் வரை இருந்தார்கள். 1918-ல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். பிறகு பரம சுக சாலை என்ற மருத்துவமனையும் வந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த பெண்களைக் குழந்தைகள் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் கூப்பிட்டார்கள். ஏமி எல்லோருக்கும் அம்மா. சித்தி, அண்ணாச்சி எல்லாம் திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுச் சொற்கள். பணத்துக்காக யாரிடமும் கேட்பதில்லை என்ற கொள்கையும் இருந்தது.

எல்லோரும் பாராட்டினார்களா?

இல்லை. அப்போதே எதிர்ப்பு இருந்தது, இன்றும் கேள்விகள் இருக்கின்றன.

1903-ல் அவர் எழுதிய புத்தகம் இந்திய ஊழியத்தின் கஷ்டங்களை அப்படியே எழுதியது. வெற்றிக் கதைகளைப் படித்துப் பழகிய இங்கிலாந்து வாசகர்களுக்கு அது கசந்தது. இங்கே உறவினர்கள், குழந்தையைக் கடத்திவிட்டார் என்று புகார் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1911-ல் ஒரு சிறுமி விஷயத்தில் நீதிமன்றம் ஏமிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சிறுமி ஒப்படைக்கப்படுவதற்கு முன்பே மாயமானாள், வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டாள். குழந்தையைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும், சட்டத்தை மீறினார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இன்றைய வரலாற்றாசிரியர்கள் வேறு கேள்விகளும் கேட்கிறார்கள். தேவதாசி மரபில் கலையும் சொத்துரிமையும் கொண்ட பெண்களும் இருந்தார்கள், ஏமி எழுதியதில் அந்தப் பக்கம் வரவே இல்லை. குழந்தைகள் சொந்த உறவுகளில் இருந்து பிரிக்கப்பட்டார்கள், அவர்களுக்குப் புதுப் பெயர்கள் வைக்கப்பட்டன. அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் என்பதையும் மறக்க முடியாது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. அதற்காகச் சட்டமன்றத்திலும் வெளியிலும் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏமியின் வழி அது இல்லை. அவர் கதவுக்கு வந்த குழந்தையை மட்டும் பார்த்தார்.

1919-ல் அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது அவருக்குச் சங்கடமாக இருந்தது. விருது வாங்க விழாவுக்குப் போகவே இல்லை. தான் பின்பற்றும் ஆளுக்கு உலகம் கொடுத்தது அவமானம், தனக்கு மட்டும் பதக்கமா என்பது அவர் மனசில் ஓடிய கேள்வி. வேத வாசிப்பு அவரை அந்த அளவுக்குத் துரத்தியது.

1931: ஒரு குழி

1931 அக்டோபர் 24. அன்று காலை ஜெபத்தில், தன்னை இன்னும் நன்றாகப் பயன்படும்படி மாற்ற என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம், களக்காட்டில் மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். வளாகத்தில் வெட்டி வைத்திருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது.

சில வாரங்களில் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வலிகள் சேர்ந்தன. அவருக்கு அப்போது 63 வயசு. அதற்குப் பிறகு வாழ்ந்த ஏறக்குறைய 20 வருஷங்களில் பெரும்பாலும் அந்த ஒரே அறைதான்.

இங்கேதான் அவருடைய வாசிப்புக்கு உண்மையான பரீட்சை. ஓடியாடி வேலை செய்தபோது, வசனம் சொன்னதை உடனே செயலாக்கலாம். படுத்துக்கிடக்கும்போது என்ன செயல்? காலையில் கேட்டதுக்கு சாயங்காலம் கிடைத்த பதில் இதுவா என்று யாருக்கும் கோபம் வரும்.

அவருக்கும் எல்லாம் இனிப்பாக இல்லை. நோயாளிகளுக்காக எழுதப்பட்ட ஆறுதல் புத்தகங்களை அவருக்கு அனுப்பினார்கள். பல புத்தகங்கள் அவருக்கு உதவவில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் நோயாளிக்குச் சொல்லும் பேச்சாக அவை இருந்தன. வலியில் இருப்பவர் வலியில் இருப்பவருக்கு எழுதினால்தான் ஒட்டும் என்று அவருக்குப் பட்டது. வலி தணிவதற்காகக் காத்திருக்காமல் எழுதத் தொடங்கினார். நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் 1933-ல் புத்தகமாக வந்தன.

அறையில் இருந்து போன குறிப்புகள்

டோனாவூர் பெரிய குடும்பம். மருத்துவமனை, பள்ளி, சமையலறை, தோட்டம், குழந்தைகள் இல்லங்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள். எல்லோரையும் தினமும் நேரில் பார்க்க ஏமியால் முடியாது. எனவே அன்றைய வாசிப்பில் இருந்து ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்புவார். அதை மற்றவர்கள் படிப்பார்கள்.

அவர் மறைவுக்குப் பிறகு அந்தக் குறிப்புகளில் இருந்து தேர்ந்தெடுத்து, வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று அடுக்கி 1955-ல் ஒரு புத்தகம் வந்தது. அதன் தலைப்பு யோபு புத்தகத்தின் 26-ஆம் அதிகாரத்தில் இருந்து எடுக்கப்பட்டது. கடவுளின் வழியில் நமக்குத் தெரிவது ஓரம் மட்டும்தான் என்பது பொருள். முழுசும் தெரிந்த மாதிரி பேசாத ஒரு புத்தகத்துக்குப் பொருத்தமான தலைப்பு.

அந்தக் குறிப்புகளில் என்ன இருக்கும்? பெரிய இறையியல் விளக்கம் இருக்காது. ஒரு வசனம், அல்லது அதில் ஒரு சொல். அதற்குப் பிறகு நேராக அன்றாட விஷயத்துக்கு வந்துவிடுவார். களைப்பு, கூட வேலை செய்பவர் மேல் வரும் எரிச்சல், கேட்டது கிடைக்காமல் காத்திருப்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஜன்னல் வழியாகத் தெரியும் மலை, பறவை, மழை எல்லாம் உவமையாக வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். குறிப்பு மற்றவர்களுக்குத்தான் போனது, ஆனால் பாடம் முதலில் எழுதியவருக்குத்தான். 1938-ல் வந்த அவருடைய சின்னப் புத்தகம் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். சக ஊழியர் ஒருவர் இன்னொருவர் விஷயத்தில் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். அன்று ராத்திரி ஏமி யோசித்தது அந்த இன்னொருவரின் குறையைப் பற்றி இல்லை. தான் எங்கே அன்பில் தவறியிருக்கிறேன் என்று தன்னையே வரிசையாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விகள்தான் அந்தப் புத்தகம். அவர் எழுதியவற்றில் அதிகம் படிக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

குரூப்பில் வசனத்தை ஃபார்வர்டு பண்ணும்போது, இது இன்னாருக்குப் பொருந்தும் என்று மனசுக்குள் ஒரு முகம் வருமே, ஏமி செய்தது அதற்கு நேர் எதிர்.

கரிசல் மண்ணில் விழுந்த விதை

படுக்கையில் விழுவதற்கு முன்பே ஏமி வேறொருவரின் வாழ்க்கையையும் எழுதியிருந்தார். அந்த ஆள் வேலை செய்தது டோனாவூர் பக்கம் இல்லை. கோவில்பட்டிக்கு வடக்கே சாத்தூர், சிவகாசி வரை விரியும் கரிசல் காட்டில். பெயர் தாமஸ் ராக்லண்ட்.

1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர், சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணி மாணவர். கல்லூரியில் ஃபெலோ பதவி. பிறகு சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக அலுவலக வேலை. அதையெல்லாம் விட்டுவிட்டு 1854 வாக்கில் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதிக்கு வந்தார். பங்களா இல்லை, கூடாரம்தான். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகளில் இருந்து உபதேசியார்கள் முறை வைத்து வந்து அவர்களோடு நடந்தார்கள். ஊருக்கு ஊர் கூடாரத்தைப் பிரித்து, கட்டி, மறுபடி பிரித்து, வெயிலில் நடை.

ராக்லண்ட் பிடித்துக்கொண்ட வசனம் யோவான் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் அது ஒற்றை மணிதான், செத்தால் விளைச்சல் என்ற கருத்து. வெற்றிக்கு எத்தனையோ திட்டம் போடலாம், ஆனால் நிச்சயமான வழி அந்த விதை மாதிரி ஆவதுதான் என்று அவர் புரிந்துகொண்டார்.

கோவில்பட்டி, புதூர் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மானாவாரி விவசாயம் தெரிந்தவர்கள். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். வானத்தைப் பார்த்துக்கொண்டே கம்பும் சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். சில வருஷம் மழை ஏமாற்றிவிடும், போட்ட விதை மண்ணோடு போய்விடும். அடுத்த பருவத்துக்கு மறுபடி விதைப்பார்கள். விதையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் அது பத்திரமாக மட்டும்தான் இருக்கும்.

ராக்லண்ட் விளைச்சலைப் பார்க்கவில்லை. கூடார வாழ்க்கை தொடங்கி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரல் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். 43 வயசு. எண்ணிக்கையாகக் காட்ட அவரிடம் பெரிசாக எதுவும் இல்லை. சபைகள் அந்தப் பக்கம் பெருகியது பிற்பாடு.

 பின்னாளில் நடக்க முடியாமல், வெளியே போக முடியாமல், பலன் என்ன என்று தெரியாமல் கிடந்த ஏமிக்கு, பலன் பார்க்காமல் போன ஒருவரின் வாசிப்பு துணையாக இருந்திருக்கும். ராக்லண்ட் பற்றிய அந்தப் புத்தகம் முதலில் 1922-ல் வெளிவந்தது. 

இதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. வசனத்தில் இருந்து தனக்கென்று பாடம் எடுக்கும்போது, நமக்குப் பிடித்ததையே வசனம் சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம். வேலையை விடலாமா, யாரைக் கல்யாணம் பண்ணலாம் என்று கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வரியைப் பதிலாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடவுளே சொல்லிவிட்டார் என்றால் எதிரில் இருப்பவர் பேச வழியே இல்லை.

ஏமியிடமும் இந்த உறுதி சில நேரம் அடுத்தவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நீதிமன்ற வழக்கே அதற்குச் சாட்சி. தன் மனசாட்சிக்குச் சரி என்று பட்டதற்காக அவர் தீர்ப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அதைப் படிக்கும் ஒருவர் ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம்.

ஆனால் அவருடைய பெரிய முடிவுகளைப் பார்த்தால் ஒரு அடையாளம் தெரிகிறது. வசனம் அவருக்கு வசதியான பக்கம் தள்ளியது அபூர்வம். வெட்கப்பட்டவரை மில் பெண்களிடம் அனுப்பியது. மேடையில் பேசத் தெரிந்தவரைத் தொட்டில் பக்கத்தில் உட்கார வைத்தது. பதக்கம் வந்தபோது கூச வைத்தது. ஒரு வசனம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசினால், வாசிப்பில் எங்கோ தப்பு இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அப்போ நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

வேதாகமம் என்றில்லை. தினமும் ஒரு குறள் படிப்பவர், கீதையோ குர்ஆனோ படிப்பவர், யாருக்கும் இது பொருந்தும். ஏமி வாழ்க்கையில் இருந்து மூன்று விஷயங்கள்.

ஒன்று, கொஞ்சமாகப் படிப்பது. வருஷத்துக்குள் முழுப் புத்தகத்தையும் முடிப்பது நல்ல இலக்கு. ஆனால் ஆப்பில் ஸ்ட்ரீக் உடையக்கூடாது என்பதற்காக ஓட்டினால் எதுவும் தங்காது. ஒரு வரி, ஒரு சொல் போதும். குத்தும் இடத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு, அடுத்தவருக்கு அனுப்பும் முன் தனக்கு எடுத்துக்கொள்வது. வசனத்தைப் படித்ததும் மேனேஜர் முகமோ மாமியார் முகமோ மனசில் வந்தால், அன்றைய வாசிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

மூன்று, ராத்திரிக்குள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம். பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன். டீமில் தன் தப்பை ஒப்புக்கொள்ளும் ஒரு மெசேஜ். யாரும் தொடாத வேலையைத் தான் எடுத்துக்கொள்வது. பெரிய மாற்றம் எல்லாம் அப்புறம். படுக்கையை விட்டு எழ முடியாதவரே தினமும் ஒன்று செய்தார், ஒரு குறிப்பு எழுதினார்.

1951 ஜனவரி 18 அன்று, 83 வயசில், டோனாவூரில் ஏமி இறந்தார். இந்தியாவுக்கு வந்த பிறகு அவர் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள். மரத்தடியில் அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரே சொல். பிறந்த தேதி, இறந்த தேதி, வசனம் எதுவும் இல்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகின்றன.